ஆறாவது பட்டை

போன வாரம் கூக்கால் பஸ்ஸில் வந்து இறங்கிய மஞ்சப்பையை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் இருந்தது மூன்று நிறத்தில் உல்லன் நூலும் ஒரு துண்டுச் சீட்டும். அன்றிலிருந்து சௌம்யாவின் அம்மா ராஜகுமாரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால், காரணம் அந்தச் சீட்டுதான்.

'மருமகளா வரப்போறவ கையால எனக்கு ஒரு மப்ளர் வேணும். பட்டை பட்டையா ஆறு பட்டை. ஒரு பட்டை மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. பூ வைக்கிற அன்னிக்குப் போட்டுக்குவேன். இப்படிக்கு சிவபாக்கியம்.'

ஆசையாகக் கேட்ட சம்பந்தியை என்ன சொல்வது? தப்பெல்லாம் ராஜகுமாரியின் வாய் செய்தது. பெண் பார்க்க வந்த அன்று நாற்காலியில் கிடந்த மெத்தை உறையைத் தடவிப் பார்த்து, "இது யாரு பின்னுனது மதினி?" என்று சிவபாக்கியம் கேட்டார். "நம்ம சௌம்யாதான்" என்று இவள் பட்டென்று சொல்லிவிட்டாள்.

சௌம்யாவுக்கு ஊசியில் முதல் கண்ணி ஏற்றவே வராது. பின்னியவர் அவள் அப்பா சண்முகராஜ்.

முப்பது வருஷம் மேல்மலையிலிருந்து வத்தலக்குண்டு சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப் போன லாரி டிரைவர் அவர். முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தபோது, மகள் ஆன்லைனில் ஆசையாக வாங்கி இரண்டே நாளில் மூலையில் போட்ட பின்னல் ஊசியும் நூலும் கண்ணில் பட்டன. "வாங்குன பொருளு வீணாப் போகுதே" என்று கையில் எடுத்தவர்தான், இரண்டு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, முறுக்கு மீசையும் மூக்குக் கண்ணாடியுமாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பின்னித் தள்ளினார்.

கொடைக்கானல் ஏழுரோட்டில் தைலக்கடை வைத்திருக்கும் ராஜகுமாரி நாலு பேர் முகத்தில் முழிக்க வேண்டாமா? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அவர் மடியில் இருப்பதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அவளுக்கென்று அவர் பின்னிக் கொடுத்த காப்பிக்கலர் மப்ளர் இரண்டு மார்கழியாகப் பெட்டியில்தான் கிடந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலவரம் இது: ஐந்து பட்டை முடிந்துவிட்டது. ஆறாவது தொடங்கி நாலு விரற்கடைதான் ஆகியிருந்தது. புதன்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

"அலைதான்ப்பா வேணும்" என்றாள் சௌம்யா. மப்ளரைக் கட்டிலில் நீளமாக விரித்துப் போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். "அத்தை ஊருல, கூக்கால் சரிவுல பூண்டுப் பாத்தி வளைஞ்சு வளைஞ்சு போகும்ல, அந்த மாதிரி முடியணும். ஓரமும் வளைஞ்சு வரும். பாக்க அம்புட்டு நல்லா இருக்கும்."

"அலைன்னா நடுநடுவுல ஓட்டை விட்டுப் பின்னணும் தாயி. ஒரு எடத்துல கண்ணி கூட்டுனா இன்னொரு எடத்துல கொறைக்கணும். ஒண்ணு தப்புனாலும் பாத்தி ரோட்டுக்கு வந்துரும்" என்றார் சண்முகராஜ். சொல்லும்போதே முகத்தில் சிரிப்பு. கஷ்டமான வளைவு என்றால் அவருக்கு எப்போதுமே கொண்டாட்டம்தான்.

"எதுக்கு இம்புட்டு சீரழிவு? சும்மா நேரா பின்னி வெரசா முடிங்களேன்" என்று அடுப்படியிலிருந்து ராஜகுமாரி குரல் கொடுத்தாள்.

"நேராப் பின்னுனா ஓரம் சுருண்டுக்கும்மா. மொத நாளே பாத்தோம்ல, வாடுன வெத்தலையாட்டம் சுருண்டு கெடந்துச்சே!"

பின்னத் தெரியாதே தவிர, சௌம்யாவுக்குக் கண் உண்டு. சீட்டு வந்த அன்றே அப்பாவைச் சின்னச் சின்னச் சதுரமாகப் பதினொரு தினுசு பின்ன வைத்தாள். மப்ளர் என்றால் முன்பக்கம் தெரியும், பின்பக்கமும் தெரியும். அதனால் ஒரு பக்கம் மட்டும் அழகாக இருந்த சதுரத்தையெல்லாம் தள்ளினாள். மிஞ்சியதை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் மாற்றி அடுக்கினாள்.

முதல் பட்டை வெள்ளை, வரப்பு வரப்பாக. இரண்டாவது பச்சை, அரிசியை இறைத்துவிட்ட மாதிரி பொடிப்பொடி மேடு. மூன்றாவது ஆரஞ்சு. அதில் நெடுக்குக் கோடு, இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். நாலாவது மறுபடி வெள்ளை, கூடை முடைந்த மாதிரி கட்டம். ஐந்தாவது ஆரஞ்சு, சாய்வுக் கோடு. ஆறாவதுதான் இந்தப் பச்சை அலை.

சண்முகராஜுக்கும் சோதனை வராமல் இல்லை. வெள்ளை முடிந்து பச்சை தொடங்கிய இடத்தில் வெள்ளை புள்ளி புள்ளியாகப் பச்சைக்குள் எட்டிப் பார்த்தது. இரண்டு தரம் பிரித்தார். மூன்றாம் தரம் புது நிறத்தின் முதல் வரிசையை மட்டும் நேர்ப்பின்னலாக ஓட்டிவிட்டு, அடுத்த வரிசையில்தான் அரிசியைத் தொடங்கினார். கோடு போட்ட மாதிரி நிறம் பிரிந்து நின்றது. அன்றைக்கு வீட்டில் இனிப்புப் பணியாரம் சுடச் சொல்லி அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சரி, கதைக்கு வருவோம். ராஜகுமாரியின் போன் அடித்தது.

"மதினி, நான் சிவபாக்கியம் பேசுறேன். பஸ்ஸு பூம்பாறை தாண்டிருச்சு. கொடைக்கானல்ல சேலை எடுக்குற சோலி ஒண்ணு கெடக்கு. அப்பிடியே வீட்டுக்கும் வந்துருதேன். கடைசிப் பட்டைய சௌம்யா பின்னுறத பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு ஒரு ஆசை!"

"வாங்க மதினி, வாங்க வாங்க" என்று ராஜகுமாரி சொன்னது போனில் தேனாக இறங்கியிருக்கும். போனை வைத்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து சண்முகராஜ் ஊசியைக் கீழே வைத்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம்!" என்றாள் ராஜகுமாரி. "சௌம்யா, ஊசியப் பிடி."

"பிடிச்சா?"

"பின்னு."

"ஒரு மணி நேரத்துலயா? நான் தொட்டா அப்பா பின்னுனதும் சேந்து அவுந்துரும்மா."

அது உண்மைதான். ராஜகுமாரி இரண்டு நிமிஷம் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள். பிறகு மருந்து டப்பாவைத் திறந்து பஞ்சும் துணியும் எடுத்தாள். கேரட் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். கட்டுப் போட்ட விரலோடு யாரால் பின்ன முடியும்?

சௌம்யா கையை நீட்டினாள். ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டியது. மாப்பிள்ளை ராஜமுருகனை அவளுக்குப் பிடித்திருந்தது. தினமும் சாயங்காலம் போனில் விதை, மழை, மாட்டு லோன் என்று என்னென்னவோ பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் இந்த ஒரு பொய் மட்டும் சம்மன் இல்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"உனக்காகக் கட்டிக்குறேம்மா. ஆனா அத்தை கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். அம்புட்டுத்தான் என்னால முடியும்."

"நீ வாயத் தொறக்காட்டிப் போதும். நான் பேசிக்கிறேன்."

"நீ பேசுனதுனாலதான்மா இம்புட்டும்" என்றாள் மகள்.

சண்முகராஜ் எழுந்தார். ஊசியோடு மப்ளரைச் சுருட்டி, கண்ணி நழுவாமல் முனையில் ரப்பர் பேண்டு மாட்டி, மகள் கட்டில் மேல் கொண்டுபோய் வைத்தார். வெறுங்கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சிவபாக்கியம் வந்தபோது கையில் ஒரு பெரிய பூண்டுச் சரம், இடுப்பில் செருகிய கைக்குட்டை, குளிரில் சிவந்த மூக்கு. நாற்பது பேர் இருக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள், அத்தனை உற்சாகம்.

"அண்ணே, நல்லா இருக்கீகளா? முழங்கால் எப்பிடி இருக்கு? சௌம்யா எங்க? அடடா, என்ன தாயி கையில கட்டு?"

"கேரட் நறுக்கையில கத்தி பட்டுருச்சு மதினி" என்று ராஜகுமாரி முந்திக்கொண்டாள். "அதான் ரெண்டு நாளா பின்ன முடியல."

சௌம்யா தலையைக் குனிந்துகொண்டாள். சிவபாக்கியம் அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து, "போகுது விடு. எனக்கு மப்ளரா பெருசு? உன் கை பெருசா?" என்றார். அந்தப் பிரியத்தைத் தாங்க முடியாமல் சௌம்யா காப்பி போடுகிறேன் என்று உள்ளே ஓடினாள்.

"பின்னுனது வரைக்கும் காட்டுங்க மதினி. பாத்துட்டாவது போறேன்."

ராஜகுமாரி மப்ளரைக் கொண்டுவந்து சிவபாக்கியத்தின் மடியில் வைத்தாள். அவர் அதை நீளமாக விரித்தார். வெள்ளை வரப்பில் விரலை ஓட்டினார். அரிசியில் நிறுத்தினார். கூடையைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். சாய்வுக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஆறாவது பட்டையில் அலை அப்போதுதான் வளையத் தொடங்கியிருந்தது.

"எங்க தோட்டத்துப் பாத்தி மாதிரியே இருக்கே!"

சண்முகராஜின் மீசை லேசாகத் துடித்தது. பேச முடியாமல் சந்தோஷத்தை விழுங்குகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் ராஜகுமாரி பார்த்தாள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் சிவபாக்கியத்தின் விரல் ஓரத்துக்குப் போனது. ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் நூலின் நுனி நாலு விரல் நீளத்துக்குத் தொங்கியது. எல்லாம் முடிந்த பிறகு உள்ளே செருகிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தது. அந்த நுனிகளின் அடியில் ஒவ்வொரு முடிச்சு.

சிவபாக்கியம் முடிச்சைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். நெற்றி சுருங்கியது.

"மதினி, இந்த முடிச்சு யாரு போட்டது?"

"ஏன் மதினி?"

"எங்க வீட்டுப் பூண்டு நான் வாக்கப்பட்ட நாள்லேருந்து லாரி ஏறுது. மேல்மலை லாரிக்காரங்க தார்ப்பாய்க்கு மேல போடுற முடிச்சு எனக்குத் தெரியாதா? இந்த நுனிய இழுத்தா இறுகிக்கிட்டே போகும். அந்த நுனிய இழுத்தா..."

இழுத்தார். முடிச்சு சத்தமில்லாமல் கழன்று, பச்சை நூல் தனியாக, ஆரஞ்சு நூல் தனியாக அவர் கையில் நின்றது.

காப்பித் தம்ளரோடு வந்த சௌம்யா கதவருகிலேயே நின்றுவிட்டாள். முப்பது வருஷம் மூட்டை கட்டிய கைக்கு வேறு முடிச்சு தெரியாது என்பது ராஜகுமாரிக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

சண்முகராஜ் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் தங்கச்சி போட்டேன். முடிச்சு மட்டும்தான் நான். பாப்பாவுக்கு முடிச்சுப் போட வரலைன்னு சொல்லுச்சு. பின்னுனதெல்லாம் அவதான். லாரி ஓட்டுன பயலுக்கு இந்த ஊசி வேலையெல்லாம் எங்க தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தார். கச்சிதமான பொய். யாரும் நம்பிவிடுவார்கள். ராஜகுமாரி பெருமூச்சு விட்டிருக்க வேண்டும்.

விட முடியவில்லை. அவர் கையைப் பார்த்துவிட்டாள். முழங்கால் மேல் கிடந்த வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும், கையில் இல்லாத நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தன. இந்த மனுஷன் மஞ்சப்பை வந்த நாளிலிருந்து தூங்கும்போதுகூட கண்ணி எண்ணினார். இரண்டு தரம் பிரித்து மூன்றாம் தரம் பின்னினார். இப்போது தனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறார். யாருக்காக? இவள் மூஞ்சி கறுத்துவிடக் கூடாதே என்பதற்காக.

"பொய்!" என்றாள் ராஜகுமாரி. அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவரு சொல்றது பொய் மதினி. எல்லாம் அவரு பின்னுனது. அன்னிக்கு நீங்க பாத்த மெத்தை உறையும் அவருதான். சௌம்யாவுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. விரல்ல காயமும் இல்ல. நான்தான் கட்டிவிட்டேன்."

"ஏ ராஜகுமாரி..." என்றார் சண்முகராஜ்.

"நீங்க இருங்க. ஆம்பள ஊசி வெச்சுப் பின்னுறாருன்னா ஊரு சிரிக்குமேன்னு பயந்தேன் மதினி. அந்தப் பயத்துல உங்ககிட்ட பொய் சொன்னேன். இதுல பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. ராஜமுருகன் தம்பிகிட்டயும் அவ எதுவும் சொல்லல, நான்தான் வாயக் கட்டிப் போட்டேன். கோவம்னா என்மேல காட்டுங்க. புதன்கெழம வரலைன்னு மட்டும் சொல்லிராதீங்க."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது.

சிவபாக்கியம் பச்சை நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கோபம்தான். இல்லை என்று சொல்ல முடியாது.

"பொய் சொன்னது மனசுக்கு வருத்தமாத்தான் மதினி இருக்கு" என்றார். "மஞ்சப்பை அனுப்புனப்பவே ஒரு போனு போட்டிருக்கலாம்ல?" பிறகு சௌம்யா பக்கம் திரும்பினார். "அப்ப இதுல உன் கை எதுவுமே படலையா?"

சௌம்யா தம்ளரைக் கீழே வைத்தாள். கட்டை அவிழ்த்துப் போட்டாள். "கை படல அத்தே. எந்தப் பட்டைக்கு எந்தப் பின்னல்னு மட்டும் நான் சொன்னேன்."

"எதுக்கு அந்த ஆரஞ்சுல நெடுக்குக் கோடு?"

"அது சுருங்கி விரியும். நீங்க சுத்துனா மூணாவது பட்டைதான் கழுத்துல வரும். கழுத்தோட ஒட்டி நிக்கட்டும், குளிர் உள்ள போகக் கூடாதுன்னு."

சிவபாக்கியம் எழுந்தார். ஊசி தொங்கத் தொங்க மப்ளரைக் கழுத்தில் சுற்றினார். ஆரஞ்சுப் பட்டை கழுத்தில் கச்சென்று உட்கார்ந்தது. வெள்ளையும் பச்சையும் முன்னால் விழுந்தன. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே" என்று மப்ளரைக் கழற்றிச் சண்முகராஜ் மடியில் வைத்தார். "நாலு மணிக்குத்தான் எனக்குப் பஸ்ஸு. கடைசிப் பட்டை பின்னுறதப் பாக்கணும்னுதானே வந்தேன்? பின்னுங்க."

சண்முகராஜ் மனைவியைப் பார்த்தார். ராஜகுமாரி எழுந்துபோய் அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அவிழ்ந்த நூலை மறுபடி முடிச்சுப் போட எடுத்தார். கை தானாக அதே லாரி முடிச்சைப் போடப் போனது. "அதே இருக்கட்டும்ணே. எங்க பூண்டு மூட்டைக்கும் ஒரு மரியாதை" என்று சிவபாக்கியம் சிரித்தார். ஊசி ஓடத் தொடங்கியது. ஒரு கண்ணி கூட்டி, இரண்டு கண்ணி சேர்த்து, அலை மெல்ல மெல்ல ஏறி இறங்கியது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ராஜகுமாரி அவர் எதிரே உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்தாள். மேட்டில் கியர் மாற்றும்போது இருந்த அதே நிதானம். எத்தனை அழகு!

மூன்றரை மணிக்கு சிவபாக்கியத்தை வழியனுப்பக் கிளம்பினார்கள். மேகம் இறங்கி ஊரே ஈரமாக இருந்தது. ராஜகுமாரி உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். வெளியே வரும்போது கழுத்தில் காப்பிக்கலர் மப்ளர் இருந்தது. சண்முகராஜ் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டில் நூல்கடை ஜலாலுதீன் பாய் எதிர்ப்பட்டார். "மப்ளர் ஜோரா இருக்கேம்மா. சௌம்யா பின்னுனதா?"

அவரிடமும் அதே கதையைத்தான் சொல்லி வைத்திருந்தாள். சுற்றிலும் டிரைவர்கள், கண்டக்டர்கள், தெரிந்த முகங்கள்.

"இல்ல பாய். எங்க வீட்டுக்காரரு பின்னுனது."

"அது தெரியும்மா" என்றார் பாய். "ஊசி நம்பரு சொல்லி மாசாமாசம் வாங்கிட்டுப் போறது அவருதானே? நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்."

ராஜகுமாரி அசடு வழிந்தாள். சௌம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூக்கால் பஸ் புறப்பட உறுமியது. ஜன்னலில் சிவபாக்கியம் தலையை நீட்டினார்.

"மதினி, நீங்க மனசுல இருந்ததக் கொட்டிட்டீங்க. நானும் சொல்லலைன்னா எனக்கு உறக்கம் வராது. நாங்களும் உங்ககிட்ட ஒண்ண மறைச்சிருக்கோம்."

"என்னது மதினி?"

"புதன்கெழம வரும்போது கையோட கூட்டிக்கிட்டு வாரேன்!"

"கூட்டிக்கிட்டா? யார?"

பஸ் திரும்பிவிட்டது. சிவபாக்கியத்தின் கை மட்டும் ஜன்னலில் ஆடியது. சௌம்யா அவசரமாக ராஜமுருகனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. இனி புதன்கிழமைதான் தெரியும்.

மூவரும் மேடேறி வீட்டுக்கு நடந்தார்கள். சண்முகராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு இடத்தில் நின்றார். ராஜகுமாரியும் நின்றாள்.

"என்னங்க" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நாளைலேருந்து வெள்ளனே கடைக்கு வந்துருங்க. அங்க உக்காந்து பின்னுங்க. வீட்டுல வெளிச்சம் பத்தாது."

அவர்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். சண்முகராஜ் சரி என்று தலையாட்டினார். அவள் கழுத்தில் பின்பக்கமாகச் சரிந்திருந்த மப்ளரை இழுத்து நேராக விட்டார்.